ராங்கல் – செயின்ட் எலியாஸ் தேசியப் பூங்கா: அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

மேகலா_டல்லாஸ்

வணக்கம் நண்பர்களே. ஆகஸ்ட் நடுவில் அலாஸ்கா போக டிக்கெட் போட்டுவிட்டோம். ஆங்கரேஜில் இறங்கி, அங்கிருந்து ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக நேரம் இருக்கிறது. நான், கணவர், பதின்மூன்று வயது மகள், ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் அப்பா.

எல்லோரும் டெனாலி பூங்காவுக்குப் போங்கள் என்கிறார்கள். மகள் மட்டும் ஒரே பிடிவாதமாக இருக்கிறாள். பனியாற்றை தூரத்திலிருந்து பார்ப்பதெல்லாம் வேண்டாமாம், அதன் மேல் நடக்க வேண்டுமாம். தேடிப் பார்த்ததில் ராங்கல் – செயின்ட் எலியாஸ் என்ற பூங்கா கண்ணில் பட்டது. படங்களைப் பார்த்து மலைத்துப் போனேன். ஆனால் போவதற்கு வழி, தங்க இடம் எதுவுமே சரியாகப் பிடிபடவில்லை. சாலை மோசம், வாடகைக் காரை விடமாட்டார்கள் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள்.

அப்பாவுக்கு 67 வயது. மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் நடப்பவர்தான், ஆனால் வலது முழங்காலில் வலி உண்டு, அதுவும் படி இறங்கும்போது. "நான் எதுக்கும்மா, நீங்க போயிட்டு வாங்க" என்கிறார். அவரை ஆங்கரேஜில் ஓட்டல் அறையில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் மட்டும் போக எனக்கு மனசு வரவில்லை. போனவர்கள் யாராவது உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.

வடகாற்று

சகோதரி, தாராளமாகக் கூட்டிப் போங்கள். நான் ஆங்கரேஜில் இருக்கிறேன். கனரக வண்டிகளில் மெக்கானிக் வேலை. கோடையில் சேர்ந்தாற்போல லீவு கிடைத்தால் நான் வண்டியைத் திருப்புவது அந்தப் பக்கம்தான்.

முதலில் அளவு மனதில் பதியவேண்டும், அப்போதுதான் திட்டம் சரியாக வரும். இந்தப் பூங்கா 1 கோடியே 32 லட்சம் ஏக்கர். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவைப் போல ஆறு மடங்கு. தமிழ்நாட்டின் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்கு என்று அப்பாவிடம் சொல்லுங்கள். அமெரிக்காவின் மிக உயரமான பதினாறு சிகரங்களில் ஒன்பது இதற்குள் நிற்கின்றன. அவ்வளவு பெரிய இடத்துக்குள் போக இரண்டே இரண்டு சாலைகள், இரண்டும் பெரும்பாலும் சரளைச் சாலை. நுழைவாயில் கிடையாது, டிக்கெட் கிடையாது. அதனால் பூங்காவைச் சுற்றிப் பார்த்துவிடலாம் என்ற நினைப்போடு போகாதீர்கள். ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து அங்கேயே தங்குங்கள். உங்கள் குடும்பத்துக்கு அந்த மூலை கென்னிகாட் என்கிற பழைய சுரங்க ஊர்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். அங்கே ரூட் கிளேசியர் இருக்கிறது. சாதாரண மனிதர்கள் காலால் நடந்து போய்த் தொடக்கூடிய பனியாறு. கென்னிகாட் ஊரிலிருந்து சுமார் இரண்டு மைல் நடந்தால் பனியின் ஓரம் வந்துவிடும். பாதை பெரும்பாலும் மெதுவாக ஏறி இறங்குகிற பாதைதான், கடைசியில் பனிக்கு இறங்கும் இடம் மட்டும் கொஞ்சம் சரிவு. அப்பா கையில் இரண்டு ஊன்றுகோல் கொடுத்துவிட்டால் ஓரம் வரைக்கும் நிதானமாக வந்துவிடுவார். மேலே ஏறுவதா வேண்டாமா என்பதை அங்கே போய் அவரே முடிவு செய்யட்டும்.

இன்னொரு காரணம் உங்கள் அப்பாவேதான். மின்வாரியத்துக்காரர் என்கிறீர்கள். கென்னிகாட்டில் பதினான்கு மாடி உயரச் செம்பு ஆலை ஒன்று மலைச்சரிவில் நிற்கிறது, முழுக்க மரம், சிவப்புச் சாயம். 1900-ல் மேலே மலைமுகட்டில் செம்புத்தாது கண்டுபிடித்தார்கள். 1911-ல் கடலோரத்து கார்டோவாவிலிருந்து 196 மைலுக்கு ரயில் பாதை போட்டு முடித்தார்கள். சுரங்கத்திலிருந்து கம்பிவடத்தில் தொட்டி தொட்டியாகத் தாது ஆலையின் உச்சி மாடிக்கு வரும். அங்கிருந்து உடைந்து, சலித்து, தரம் பிரிந்து மாடி மாடியாகக் கீழே இறங்கும், கடைசியில் சாக்குகளில் கட்டி ரயிலில் ஏறும். 1938-ல் தாது தீர்ந்ததும் கடைசி ரயில் கிளம்பியது, ஊர் அப்படியே காலியானது. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அங்கிருக்கும் மின்நிலையத்தை. நான்கு புகைபோக்கிகளோடு தனிக் கட்டடமாக நிற்கிறது. ஆலைக்கு மின்சாரமும் வீடுகளுக்குச் சூடும் அங்கிருந்துதான் போனது. இந்த உறைபனி நாட்டில், நூறு வருஷத்துக்கு முன்னால், எந்த ஊருக்கும் எட்டாத தூரத்தில் இவ்வளவையும் இழுத்து வந்து ஓட்டியிருக்கிறார்கள். வேலை தெரிந்தவர்கள் அதன் முன்னால் நின்றால் லேசில் நகரமாட்டார்கள். நான் நகர்ந்ததில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். ஆலைக்குள்ளே வழிகாட்டியோடு கூட்டிப்போவார்கள். அது உச்சியிலிருந்து கீழே வரை செங்குத்தான மரப்படிகளில் இறங்குகிற நடை. படி இறங்கினால்தான் முழங்கால் வலிக்கிறது என்றால், பனியாற்றை விட அந்த ஆலைதான் அப்பாவுக்குச் சிரமம். வெளியிலிருந்து பார்த்தாலே போதும்.

இனி வழி. ஆங்கரேஜிலிருந்து கிளெனாலன், அங்கிருந்து தெற்கே திரும்பி காப்பர் சென்டர். பூங்காவின் தகவல் மையம் அங்கேதான், கட்டாயம் நில்லுங்கள். கரடி திறக்க முடியாத உணவு டப்பா அங்கே இரவல் கிடைக்கும். பிறகு சிட்னா வரைக்கும் தார்ச்சாலை. சிட்னாவுக்கு அப்புறம், கென்னிகாட்டுக்குப் பக்கத்துச் சின்ன ஊரான மெக்கார்த்திக்குப் போகிற மெக்கார்த்தி சாலை, 60 மைல். பழைய ரயில் பாதையின் மேலேயே போட்டது. தண்டவாள ஆணிகள் இன்றைக்கும் மண்ணிலிருந்து மேலே வந்துகொண்டே இருக்கும், டயர் கிழிவது அதனால்தான். 25, 30 மைல் வேகத்தில் போனால் ஒன்றும் ஆகாது. வழியில் குஸ்குலானா பாலம் வரும். 1910-ல் ரயிலுக்காகக் கட்டியது, ஒரே வண்டி போகிற அகலம், ஆற்றுக்கு மேலே 238 அடி. அதில் மெதுவாகப் போங்கள், பயப்படத் தேவையில்லை.

சாலை கென்னிகாட் ஆற்றங்கரையில் முடிந்துவிடும். காரை அங்கே விட்டுவிட்டு நடைபாலத்தில் பெட்டியோடு ஆற்றைக் கடக்க வேண்டும். அக்கரையில் வேன் வந்து ஏற்றிக்கொள்ளும், கென்னிகாட் ஐந்து மைல். ஆங்கரேஜிலிருந்து மொத்தம் எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு தூரம் போய் ஒரே இரவில் திரும்புவது வீண். மூன்று இரவாவது தங்குங்கள்.

கப்பல்பாட்டி

மேகலா, அப்பாவுக்கு முடியுமா என்ற கவலை இருந்தால் கப்பல் வழியும் இருக்கிறதும்மா. நானும் என் வீட்டுக்காரரும் அப்படித்தான் பார்த்தோம். இதே பூங்காவின் கடல் பக்கத்தில் ஹப்பர்ட் கிளேசியர் இருக்கிறது. 76 மைல் நீளம், நேரே கடலில் வந்து இறங்குகிறது. முகப்பு மட்டும் ஆறு மைல் அகலம். ஒரு பாளம் சரிவது முதலில் கண்ணுக்குத் தெரியும், சத்தம் அப்புறம்தான் வந்து சேரும். அந்த இடைவெளியில்தான் எவ்வளவு தள்ளி நிற்கிறோம், அது எவ்வளவு பெரிசு என்பதே உறைக்கும்.

உலகத்தில் பெரும்பாலான பனியாறுகள் சுருங்கும்போது இது முன்னால் வந்துகொண்டிருக்கிறது என்று கப்பலில் விளக்கினார்கள். 1986-லும் 2002-லும் ரஸ்ஸல் ஃபியர்ட் என்கிற கடல்கையின் வாயையே அடைத்து அதை ஏரியாக்கிவிட்டதாம். பிறகு தண்ணீர் அணையை உடைத்துக்கொண்டு வெளியேறியது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம், முழங்காலுக்கு வேலை இல்லை.

வடகாற்று

அம்மா சொல்வது உண்மை, ஹப்பர்ட் பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் கப்பல் பயணம் என்பது தனித் திட்டம், ஆங்கரேஜில் இறங்கிக் கார் எடுப்பவர்களுக்கு இந்தத் தடவை சேராது. அதோடு அந்தப் பெண் நடக்க ஆசைப்படுகிறாள். கப்பலில் இருந்து அதைத் தொட முடியாது.

சரளைச்சாலை

கென்னிகாட் பற்றி நண்பர் விளக்கமாகச் சொல்லிவிட்டார். நான் இன்னொரு சாலைக்காகப் பேசுகிறேன். வடக்கே ஸ்லானாவிலிருந்து நபெஸ்னா சாலை, 42 மைல். அந்தப் பக்கம் கூட்டமே இருக்காது. வானம் தெளிவாக இருந்தால் சான்ஃபோர்ட், ராங்கல் என்கிற இரண்டு மலைகளும் முழுசாகத் தெரியும். ராங்கல் இன்னும் உயிரோடு இருக்கிற எரிமலை, 14,163 அடி. குளிர்ந்த தெளிந்த நாளில் உச்சியிலிருந்து ஆவி எழுவதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். 28-ஆவது மைல் பக்கத்தில் பூங்காவின் முகாம் இடம் இருக்கிறது, கட்டணம் இல்லை. ஆங்காங்கே சுற்றுலா மேசையும் கழிப்பறையும் உண்டு. நடக்கவே வேண்டாம், காரில் உட்கார்ந்தபடி மூஸ், கரிபு என்கிற பெரிய மான்கள், மேலே பாறையில் வெள்ளைப் புள்ளியாக டால் ஆடுகள் என்று பார்த்துக்கொண்டே போகலாம். முதியவர்களுக்கு இதுதான் சுகம்.

பாதிக்கு மேல் போனால் பாலம் இல்லாத ஓடைகள் சாலைக்குக் குறுக்கே ஓடும். மழை பெய்திருந்தால் அங்கேயே திரும்பிவிட வேண்டும். ஸ்லானாவில் ரேஞ்சர் நிலையம் இருக்கிறது, அன்றைக்குத் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டால் சொல்வார்கள். ஆனால் பனியாற்றின் மேல் நடப்பது இந்தப் பக்கம் குடும்பத்தோடு ஆகிற காரியம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மேகலா_டல்லாஸ்

எல்லோருக்கும் மிக்க நன்றி. மின்நிலையம் பற்றி அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "எத்தனை கிலோவாட்டாம்?" என்று கேட்டார். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவரே எழுந்து போய் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்திருக்கிறார். ஆகவே கென்னிகாட் முடிவாகிவிட்டது.

இன்னும் சில சந்தேகங்கள். பனியின் மேல் நடக்க வழிகாட்டி அவசியமா, நாங்களே போகலாமா? வழுக்காதா? படங்களில் கென்னிகாட் எதிரே பனியாறு என்று போட்டிருக்கிறார்கள், எனக்கு அங்கே மண்மேடுதான் தெரிகிறது, சுரங்கத்தில் தோண்டிக் கொட்டியதா? கரடி பயம் எப்படி? வாடகைக் கார் விஷயம் இன்னும் தெளியவில்லை.

வடகாற்று

கிலோவாட் எனக்குத் தெரியவில்லை, அங்கே ரேஞ்சர்களிடம் அப்பாவையே கேட்கச் சொல்லுங்கள். பிரியமாகப் பதில் சொல்வார்கள்.

அந்த மண்மேட்டைப் பற்றிக் கேட்டது சந்தோஷம். வருகிறவர்கள் பாதிப் பேர் சுரங்கக் கழிவு என்றுதான் நினைக்கிறார்கள். அது கழிவில்லை, அதுதான் கென்னிகாட் கிளேசியர். மலைகளிலிருந்து பனி சுமந்து வந்த கல்லும் மண்ணும், பனி உருக உருக மேலே தங்கி, போர்வையாக மூடிக்கொண்டது. கைப்பிடிச் சுவர் அருகே பேசாமல் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். எங்கோ ஒரு கல் உருளும், சரளை சரியும், தண்ணீர் சொட்டும். சரிந்த இடத்தில் உள்ளே கருத்த ஈரமான பனிச்சுவர் தெரியும். சுரங்கம் நடந்த காலத்துப் படங்கள் அங்கே மாட்டி வைத்திருக்கிறார்கள். அவற்றில் இதே இடத்தில் பனி ஆலைக்கு எதிரே உயர்ந்து நிற்கிறது. இப்போது அந்த உயரத்தில் வெறும் காற்று. எத்தனையோ செய்தி படித்திருக்கிறேன், அந்தப் படத்தையும் எதிரே இருக்கும் பள்ளத்தையும் மாறி மாறிப் பார்த்தபோது உண்டான வருத்தம் எதைப் படித்தும் உண்டானதில்லை. உங்கள் மகளுக்கு அதைக் காட்டுங்கள்.

இதே பனியாற்றின் ஓரத்தில் மேலே ஹிடன் க்ரீக் என்று ஒரு ஏரி, பனியே அணையாக நிற்கும். பெரும்பாலும் வருஷா வருஷம் கோடையில் அது பனிக்கு அடியில் வழி கண்டுபிடித்துக் காலியாகிவிடும். அப்போது நீங்கள் கடக்கப் போகிற அதே நடைபாலத்தின் கீழே ஆறு பொங்கி, பனிக்கட்டிகளைப் புரட்டிக்கொண்டு ஓடும். மெக்கார்த்தி ஜனங்கள் கூடிநின்று கொண்டாட்டமாகப் பார்ப்பார்கள். நீங்கள் போவதற்குள் அநேகமாக அது முடிந்திருக்கும்.

வழிகாட்டி விஷயம்: முதல்முறை என்றால் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். அரை நாள் நடை என்று கூட்டிப்போகிறவர்கள் கென்னிகாட்டிலேயே இருக்கிறார்கள். பூட்ஸுக்கு அடியில் மாட்டுகிற இரும்பு முள், கிராம்பான், அவர்களே தருவார்கள். அதை மாட்டிக்கொண்டால் வழுக்காது. பாதத்தை முழுதாகத் தட்டி ஊன்றச் சொல்லித் தருவார்கள், கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. உருகிய தண்ணீர் நீலமான வாய்க்கால்களாக ஓடி, திடீரென்று கிணறு போன்ற குழிக்குள் விழும். மூலின் என்று பெயர். விளிம்பு வழவழப்பாகச் சரிந்திருக்கும், ஆழம் தெரியாது. எவ்வளவு கிட்டே போகலாம் என்று தினமும் நடக்கிற வழிகாட்டிக்குத்தான் தெரியும். அந்த நீலத்தில் நின்று படம் எடுக்கிற ஆசையில் யாரும் முன்னால் ஓடக்கூடாது, முக்கியமாகப் பதின்மூன்று வயது.

மகளிடம் இன்னொன்றைத் தேடச் சொல்லுங்கள். பனியின் மேல்பரப்பில் விரல் அகலத்தில், சில இடங்களில் கையளவில், வட்டமான சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். உள்ளே தெளிந்த தண்ணீர், அடியில் ஒரு சிட்டிகை கறுப்புத் தூசி. காற்று கொண்டுவந்து போட்ட தூசி வெயிலை உறிஞ்சிச் சூடாகி, தனக்குக் கீழே இருக்கும் பனியை உருக்கிக்கொண்டு நேர்க்குத்தாக இறங்கிவிடுகிறது. அந்தத் தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் வாழ்கின்றன. முட்டி போட்டுப் பார்த்தால்தான் அது தெரியும், நின்று பார்த்தால் அழுக்குப் பனி என்று தாண்டிப் போய்விடுவோம். அதே இடத்தில் நிமிர்ந்தால் எதிரே ஸ்டேர்வே ஐஸ்ஃபால். சுமார் 7,000 அடி உயரத்துக்குப் படிப்படியாக உடைந்து தொங்குகிற பனி. மேகம் மூடியிருந்தால் காத்திருங்கள். மூன்று இரவு தங்கச் சொன்னது இதற்காகவும்தான்.

துணி பற்றி: பனியின் மேலிருந்து இறங்குகிற காற்று ஆகஸ்டிலும் ஊசியாகக் குத்தும். பருத்தி வேண்டாம். அடுக்கடுக்காகப் போட்டுக் கழற்றுகிற மாதிரி கம்பளி, மேலே மழைக்கோட்டு, கையுறை. வெயில் அடித்தால் பனியிலிருந்து திருப்பி அடிக்கும், கூலிங்கிளாஸ் எல்லோருக்கும் வேண்டும். ஜூன், ஜூலையில் கொசு பிடுங்கும், ஆகஸ்ட் நடுவில் பெரும்பாலும் அடங்கியிருக்கும்.

கரடி உண்டு, கறுப்பும் பழுப்பும் இரண்டும். பழம் பழுக்கிற பருவத்தில் பாதை ஓரத்திலேயே மேயும். நடக்கும்போது பேசிக்கொண்டே போங்கள், நாலு பேரும் ஒன்றாகவே இருங்கள். கரடி ஸ்பிரே பையின் அடியில் கிடக்கக்கூடாது, இடுப்பில் இருக்க வேண்டும். ஆங்கரேஜிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், விமானத்தில் கொண்டுவர விடமாட்டார்கள். கூடாரத்தில் தின்பண்டம் வைக்கக்கூடாது. கரடியைக் கண்டால் முதுகைக் காட்டி ஓடக்கூடாது என்பதை மகளுக்கும் அப்பாவுக்கும் இப்போதே சொல்லி வையுங்கள்.

மருந்து மாத்திரை எல்லாம் இருமடங்கு எடுத்துக்கொள்ளுங்கள். மெக்கார்த்தியில் ஆஸ்பத்திரி கிடையாது. ஏதாவது என்றால் கிளெனாலன் வரை திரும்பி வர வேண்டும், இல்லையென்றால் விமானம்தான். சாலையில் பெரும்பகுதி போன் எடுக்காது.

ரவி_ஜூனோ

ஒன்று சேர்க்கிறேன். மெக்கார்த்தியில் சின்ன விமானங்கள் கிளம்புகிற ஓடுதளம் இருக்கிறது. ஆளுக்குச் சில நூறு டாலர் ஆகும். ஆனால் செலவழிக்க ஒரே ஒரு காரியம்தான் முடியும் என்றால் இதற்குச் செலவழியுங்கள். தரையில் இருக்கும்வரை பார்த்தது ஒரு பள்ளத்தாக்கு. மேலே ஏறின பிறகு அந்தப் பள்ளத்தாக்குக்குப் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று, எல்லாவற்றிலும் பனியாறு, வீடு, ரோடு, வெளிச்சம் எதுவும் இல்லை. பனியாறுகளின் நடுவே ஓடும் கறுப்புக் கோடுகள் எப்படி வந்தன என்பது அங்கிருந்துதான் புரியும். இரண்டு பனியாறுகள் சேரும்போது ஓரத்துக் கற்கள் இரண்டும் ஒன்றாகி நடுக்கோடாகிவிடுகின்றன. அப்பாவுக்கு இதில் நடையே இல்லை. வானிலை சரியில்லை என்று விமானி சொன்னால் கெஞ்ச வேண்டாம், மறுநாளைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதனால் முதல் நாளுக்கே பதிவு செய்வது நல்லது, தள்ளிப்போட இடம் இருக்கும்.

வாடகைக் கார்: ஒரு நிறுவனத்தில் கவுண்டரில் வாயால் "பரவாயில்லை, போங்க" என்று சொன்னார்கள். கையெழுத்துப் போட்ட தாளிலோ சரளைச் சாலை கூடாது என்று இருந்தது. டயர் போனபோது அந்தத் தாள்தான் பேசியது. வாய்வார்த்தையை நம்பாதீர்கள், மெக்கார்த்தி சாலை என்று பெயர் சொல்லிக் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். சரளைச் சாலைக்கு என்றே வண்டி தருகிறவர்கள் ஆங்கரேஜில் இருக்கிறார்கள், வாடகை கூடுதல். இல்லையென்றால் கிளெனாலனிலோ சிட்னாவிலோ காரை விட்டுவிட்டு வேனில் போகலாம், முன்பதிவு வேண்டும்.

மேகலா_டல்லாஸ்

விமானம் முதல் நாள், பனி நடை இரண்டாம் நாள், மூன்றாம் நாள் அப்பாவுக்கும் மின்நிலையத்துக்கும். இப்படி வைத்திருக்கிறேன். சரளைச் சாலைக்கு அனுமதி உள்ள வண்டிக்கே எழுதிக் கேட்டிருக்கிறேன். சிட்னாவில் நிற்க வேண்டியது ஏதாவது உண்டா? பெட்ரோல் எங்கே போடுவது?

வடகாற்று

நல்ல திட்டம். பெட்ரோல் கிளெனாலனிலேயே நிரப்பிவிடுங்கள், மெக்கார்த்தியில் கிடைக்கும் என்று எண்ணிப் போகக்கூடாது.

சிட்னா தாண்டியதும் காப்பர் ஆற்றுப் பாலம் வரும். அங்கே ஆற்றோரத்தில் மீன்சக்கரங்கள் நிற்கும். மரச்சட்டத்தில் கூடைகள் கட்டி, ஆற்றின் ஓட்டமே சுற்றிவிடும்படி வைத்திருப்பார்கள். எதிர்நீச்சல் போட்டு வரும் சால்மன் கூடையில் ஏறி, சரிந்து பெட்டிக்குள் விழும். ஆட்னா மக்கள் இந்த ஆற்றோடு காலங்காலமாக வாழ்கிறவர்கள், செம்பு இருப்பது சுரங்கக்காரர்களுக்கு முன்பே அவர்களுக்குத் தெரியும். சக்கரங்கள் குடும்பங்களுடையவை, அவர்களுடைய குளிர்காலச் சாப்பாடு. பாலத்தின் பக்கத்திலிருந்து பாருங்கள், கிட்டே போய்த் தொட வேண்டாம். ஆறு சாம்பல் நிறத்தில் கலங்கி ஓடும். அழுக்கு இல்லை, பனியாறு அரைத்த பாறைமாவு. மகளை ஒரு டம்ளரில் பிடித்து வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வண்டியை வாங்கியதும் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி முழு அளவு டயர்தானா, காற்று இருக்கிறதா, ஜாக்கியும் ஸ்பேனரும் இருக்கின்றனவா என்று அங்கேயே பாருங்கள். சின்ன டயர் கொடுத்தால் மாற்றித் தரச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.